எக் பிக்கப் வரை பதினைந்து நாள்: முதல் முறை போகிறவர்களுக்கு

"அடுத்த பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாள் வந்துருங்க, ஊசி ஆரம்பிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஃபைலைக் கையில் எடுத்துவிடுவார். வெளியே வந்து மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போதுதான் நமக்குக் கேள்வி ஒவ்வொன்றாக வரும். ஊசியை யார் போடுவது, எத்தனை நாள் லீவு வேண்டும், மயக்கம் கொடுப்பார்களா, பஸ்ஸில் போகலாமா, வீட்டில் பெரியவர்களிடம் என்ன சொல்வது. எங்கள் வீடு திண்டுக்கல், டெஸ்ட் டியூப் குழந்தைக்கான (ஐ.வி.எஃப்.) சிகிச்சை மதுரையில். இரண்டு முறை இந்த வழியாகப் போய் வந்திருக்கிறேன், முதல் முறை ஒன்றும் தெரியாமல், இரண்டாம் முறை ஒரு நோட்டும் பேனாவுமாக. நான் டாக்டர் இல்லை. மருந்தும் அளவும் உங்கள் உடம்பைப் பார்த்து உங்கள் டாக்டர் முடிவு செய்கிற விஷயம், அதில் நான் தலையிடப் போவதில்லை. மருந்துச் சீட்டில் எழுதாத மீதி விஷயங்கள்தான் இங்கே.

முதலில் பெயர். மருத்துவமனையில் யாரும் கருமுட்டை எடுத்தல் என்று சொல்ல மாட்டார்கள். "எக் பிக்கப்" என்பார்கள், ஃபைலில் "ஓ.பி.யூ." என்று எழுதியிருக்கும், நர்ஸுகள் வெறும் "பிக்கப்" என்பார்கள். மூன்றும் ஒன்றுதான்: ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்குவதற்காகச் சினைப்பையிலிருந்து முட்டைகளை எடுப்பது.

உள்ளே நடப்பது என்ன?

ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் ஒரு கூட்டம் முட்டைகள் வளரக் கிளம்பும். அதில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு முதிர்ந்து வெளியே வரும், மீதியெல்லாம் அப்படியே சுருங்கிக் கரைந்துபோகும். நமக்குப் போடுகிற ஹார்மோன் ஊசி, அப்படிக் கரையவிருந்த முட்டைகளையும் சேர்த்து வளர்க்கிறது. அவ்வளவுதான். அதனால் "இத்தனை முட்டையை ஒரே தடவையில எடுத்துட்டா அப்புறம் என்ன மிஞ்சும், சீக்கிரமே மாதவிலக்கு நின்னுராதா" என்று யாராவது கேட்டால் (என்னிடம் என் சித்தி கேட்டார்), அடுத்த மாதக் கணக்கில் இது கை வைப்பதில்லை என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்கேனில் கறுப்பு வட்டமாகத் தெரிவது முட்டை இல்லை, ஃபாலிக்கிள். தண்ணீர் நிறைந்த ஒரு சின்னப் பை. முட்டை அதற்குள் இருக்கும், ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சிறியது. சில பைகளில் முட்டை கிடைக்காமலும் போகும். ஸ்கேன் செய்கிறவர் "பதினாலு இருக்கு" என்றால் பதினான்கு பைகள் இருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். முதல் தடவை நான் பதினான்கு குழந்தை என்றே கணக்குப் போட்டுவிட்டேன்.

ஒரு சின்ன இடைச்செருகல். உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 இங்கிலாந்தில் பிறந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஊசி போட்டு முட்டைகளை வளர்க்கவில்லை, இயற்கையாக வளர்ந்த ஒரே ஒரு முட்டையை வயிற்றில் துளையிட்டு எடுத்தார்கள். அதே வருடம் அக்டோபர் 3 கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்தார், பிறப்புறுப்பு வழியாக எடுத்தார், கருவை உறைய வைத்து அப்புறம் வைத்தார். நாம் இன்று மதுரையிலும் கோவையிலும் செய்துகொள்வது பெரும்பாலும் இந்தக் கொல்கத்தா வழிதான். அந்த மனிதரை அன்றைக்கு யாரும் நம்பவில்லை, 1981இல் தற்கொலை செய்துகொண்டார். ஊசி போட்டுக்கொள்ளும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

ஊசிக்கு முன்னால் மூன்று மாதம்

ஊசி பத்துப் பன்னிரண்டு நாள்தான், ஆனால் தயாரிப்பு அதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்கினால் நல்லது. காரணம் கணவர். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், ஆக இன்று அவர் சிகரெட்டை விட்டால் அதன் பலன் பிக்கப் அன்று தெரிய மூன்று மாதம் வேண்டும். பிக்கப்புக்கு முந்தைய வாரம் மட்டும் பேரீச்சம்பழமும் பாதாமும் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. மடியில் லேப்டாப், வெந்நீர்த் தொட்டிக் குளியல், உள்ளே இறுக்கமான துணி, இதையெல்லாம் கூடச் சொல்வார்கள். விந்துப் பரிசோதனை நம் டெஸ்டுகளோடு சேர்த்தே நடக்கட்டும். பெண்ணுக்கு எல்லா டெஸ்டும் முடித்து, கடைசியில் "அவரையும் ஒரு தடவை பாத்துரலாமா" என்று கேட்கிற வழக்கம் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறது!

நமக்கு ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனை, சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டுவது, அதை எந்த நாளிலும் எடுக்கலாம். எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ராடயால் என்கிற ஹார்மோன் டெஸ்டுகள் எல்லாம் மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள், அதோடு ஒரு ஸ்கேன். தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி என்று பட்டியல் நீளும், இருவருக்கும். ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், இல்லையென்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். இந்த ஒரு டெஸ்டைக் கடைசியில் எடுத்தால் ஒரு மாதம் போச்சு, அதனால் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரை அப்போதே தொடங்கிவிடும். நீங்கள் ஏற்கெனவே சாப்பிடுகிற எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்: தைராய்டு மாத்திரை, மெட்ஃபார்மின், ஆஸ்பிரின், வலி மாத்திரை, நாட்டு மருந்துக் கடைப் பொடி, யாரோ கொடுத்த லேகியம், எல்லாம். லேகியத்தைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைக்கிறவர்கள் உண்டு. மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள், ரத்தப்போக்கும் கொஞ்சம் இருக்கும், இரண்டையும் பாதிக்கக்கூடிய எதையும் அவர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். திட்டினால் திட்டட்டும்.

காகிதம். 2021 முதல் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. பெண்ணுக்கு 21 முதல் 50 வயது, ஆணுக்கு 21 முதல் 55 வயது. மையம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும், அந்தச் சான்றிதழ் வரவேற்பறைச் சுவரிலேயே மாட்டியிருக்கும், ஒரு தடவை நின்று படியுங்கள். ஆதார், திருமணச் சான்று, பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். அப்புறம் ஒப்புதல் படிவம். அதை ஊசி நாளன்று அவசரத்தில் நீட்டி "இங்க, இங்க, இங்க" என்று கையெழுத்து வாங்குவார்கள். முந்தைய தடவையே கேட்டு வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். உபரியாக நிற்கும் கருக்களை என்ன செய்வது, இருவரில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன என்றெல்லாம் அதில் இருக்கும். கணவனும் மனைவியும் ஒரு ராத்திரி பேசி முடிக்க வேண்டிய சங்கதி.

பணம். "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொல்வார்கள். அந்தத் தொகைக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்று எழுதி வாங்குங்கள்: ஹார்மோன் ஊசிகள், மயக்க மருந்து டாக்டர், இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்துவது), கருவை உறைய வைப்பது, வருடா வருடம் சேமிப்புக் கட்டணம், பின்னால் கருவை உள்ளே வைக்கும் மாதத்தின் செலவு. ஊசி மருந்து பெரும்பாலும் பேக்கேஜுக்கு வெளியே. அதுதான் பெரிய செலவு, உங்கள் உடம்புக்கு எத்தனை யூனிட் வேண்டும் என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். எங்களுக்கு முதல் தடவை மருந்துச் செலவு அவர்கள் சொன்னதைவிடக் கூடிப்போய், நடுவில் ஒரு வளையல் போனது. இரண்டாம் தடவை தொடங்கும் முன்பே "அதிகபட்சம் எவ்வளவு ஆகும்" என்று கேட்டோம், சொன்னார்கள். கேட்டால் சொல்கிறார்கள்.

இன்னொன்று, சிகிச்சையை ஆடி மாதத்தில் தொடங்கலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் விருப்பம். ஆனால் முப்பத்தெட்டு வயதில் ஏ.எம்.எச். குறைவாக இருக்கிறவர் ஆடி, புரட்டாசி, மார்கழி என்று ஒவ்வொன்றாகத் தள்ளினால் ஒரு வருடம் ஓடிவிடும்.

ஊசி நாட்கள்

பெரும்பாலும் மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஸ்கேன் பார்த்துத் தொடங்குவார்கள். சிலருக்கு முந்தைய மாதத்தின் இருபத்தோராம் நாளிலிருந்தே வேறு ஒரு ஊசி தொடங்கும், அது நீண்ட முறை. பொதுவாக முதல் நான்கைந்து நாள் ஒரே ஊசி, தினமும் சாயந்தரம் ஒரே நேரத்தில். ஐந்து, ஆறாம் நாள் வாக்கில் இரண்டாவது ஊசி ஒன்று சேரும், முட்டை முன்கூட்டியே வெடித்து வெளியே போகாமல் தடுக்க. இந்த இரண்டாவது ஊசியைத் தவறவிட்டால் இத்தனை நாள் வளர்த்ததெல்லாம் வீணாகலாம். அலாரம் வையுங்கள், கணவர் போனிலும் ஒன்று.

மருந்தைக் கடையில் வாங்கும்போதே எது ஃபிரிட்ஜில், எது வெளியில் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு அட்டைப் பெட்டி மேலேயே எழுதிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதாவது ஃப்ரீசரிலும் வேண்டாம், ஃப்ரீசருக்கு நேர் கீழேயும் வேண்டாம், கதவிலும் வேண்டாம், நடுத் தட்டு. உறைந்துபோன மருந்து கெட்ட மருந்து. பஸ்ஸில் கொண்டுபோக ஒரு சின்னத் தெர்மோகோல் பெட்டி, அதில் ஐஸ் ஜெல் பை, அந்தப் பைக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு துண்டுத் துணி. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வெட்டு என்று அறிவிப்பு வந்திருக்கிறதா என்று முன்னாலேயே பாருங்கள். எனக்கு ஒரு நாள் முழுக்கக் கரண்டு இல்லை, எதிர்த் தெரு மெடிக்கல் கடை அண்ணன் அவர் ஃபிரிட்ஜில் வைத்துக்கொடுத்தார், இன்வெர்ட்டர் இருந்தது அவரிடம். என்ன மருந்து என்று அவருக்குத் தெரியும், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாதிரி ஆட்களை முன்கூட்டியே கண்டுபிடித்து வைப்பதும் தயாரிப்புதான்.

யார் போடுவது? பேனா மாதிரி வருகிற ஊசியை நாமே போடலாம், நர்ஸ் ஒரு தடவை காட்டிக் கொடுப்பார், அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி, கொழுப்பைக் கிள்ளிப் பிடித்து, நேராக. ஒரு நாள் வலது பக்கம், மறுநாள் இடது. போடும் முன் ஒரு ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் வைத்தால் குத்துவதே தெரியாது. அழுத்தி முடித்ததும் உடனே உருவாமல் பத்து வரை எண்ணுங்கள். பேனாவில் மருந்து பாதியில் தீர்ந்துவிட்டால், இன்னும் எவ்வளவு போட வேண்டும் என்ற எண் அதன் சன்னலில் நிற்கும், புதுப் பேனாவில் அதை மட்டும் போட வேண்டும். முழு அளவையும் மறுபடி போட்டுவிடாதீர்கள்.

பொடியும் தண்ணீரும் தனித்தனியாக வருகிற ஊசி கொஞ்சம் வேலை வைக்கும். கண்ணாடிக் கழுத்தை உடைக்கப் பழகும் வரை பக்கத்துத் தெரு நர்ஸிடம் போவதே மேல். இதில் ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்: இன்சுலின் சிரிஞ்சில் போட்டிருக்கும் யூனிட் கோடும், இந்த மருந்துப் பெட்டியில் எழுதியிருக்கும் யூனிட்டும் வேறு வேறு. 150 யூனிட் என்று சீட்டில் இருந்தால் அது எந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று நர்ஸிடம் பேனாவால் குறி போட்டு வாங்குங்கள். ஒரு டோஸ் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள், அந்த நிமிடமே போன் பண்ணுங்கள். போட்ட ஊசிகளை மூடி போட்ட கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையிலேயே கொடுத்துவிடலாம். குப்பை அள்ளுகிற அக்காவின் கையில் குத்தக் கூடாது.

இரண்டு மூன்று நாளைக்கு ஒரு ஸ்கேன் இருக்கும், உள்வழி ஸ்கேன். வயிற்றுக்கு மேலே வைத்துப் பார்ப்பதற்குத்தான் மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும், இதற்குக் காலியாக இருக்க வேண்டும். முதல் நாள் நான் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், "போயிட்டு வாங்கம்மா" என்று அனுப்பினார்கள். மாதவிலக்கு ஓடும்போதே இந்த ஸ்கேன் செய்வார்கள், கூச்சப்பட வேண்டாம், அவர்கள் தினமும் பார்ப்பது அது. ஃபாலிக்கிள் நாளைக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வளரும். முன்னணியில் இருக்கிற இரண்டு மூன்று பைகள் 17, 18 மில்லிமீட்டரைத் தொட்டதும் "ட்ரிகர்" என்கிற கடைசி ஊசிக்கு நாள் குறிப்பார்கள். ஆகவே எந்தத் தேதியில் பிக்கப் என்று முன்னாலேயே யாராலும் சொல்ல முடியாது. ஆபீஸில் "ஒரு வாரத்துக்குள்ள ரெண்டு நாள் திடீர்னு லீவு வேணும்" என்று சொல்லி வைப்பதுதான் வழி. உள்ளூர்க்காரர்களுக்குப் பரவாயில்லை, எங்களை மாதிரி வெளியூர் என்றால் கடைசி மூன்று நாள் அங்கேயே யார் வீட்டிலாவது தங்கிவிடுங்கள்.

உடம்பு

சாதாரணமாக ஒரு நெல்லிக்காய் அளவில் இருக்கிற சினைப்பை இந்த நாட்களில் பல மடங்கு பெருத்துவிடும். கனமான பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு, அது அவசர ஆபரேஷன் வரை போகிற விஷயம். அதனால் ஓட்டம், ஸ்கிப்பிங், குடம் தூக்குவது, குனிந்து முறுக்கும் ஆசனங்கள், தாம்பத்யம் எல்லாவற்றையும் டாக்டர் சொல்கிற நாளிலிருந்து நிறுத்துங்கள். நடப்பது நல்லது. படுத்தே கிடக்க வேண்டிய அவசியம் கிடையாது.

சாப்பாட்டில் அதிசயம் எதுவும் இல்லை. பப்பாளி ஆகாது, அன்னாசி ஆகாது, எள் ஆகாது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் சண்டை போடவில்லை, சொன்னதைத் தவிர்த்துவிட்டேன், சுலபம். உருப்படியாகச் செய்தது இரண்டு: தினமும் முட்டை வெள்ளைக்கரு, சுண்டல், பருப்பு என்று புரதம், அப்புறம் உப்புப் போட்ட மோரும் இளநீரும். நீர்ச்சத்து பற்றி டாக்டர்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஓ.எச்.எஸ்.எஸ். என்கிற ஒரு தொல்லை. ஊசிக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் துடித்தெழுந்து, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். பி.சி.ஓ.டி. உள்ளவர்கள், ஏ.எம்.எச். அதிகம் உள்ளவர்கள், இளவயதுக்காரர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். "முட்டை நிறைய வரட்டும்" என்று ஆசைப்படுகிறோமே, அந்த நிறையவுக்கு ஒரு விலை உண்டு. உங்களுக்கு இந்த ஆபத்து தெரிந்தால் கடைசி ஊசியை வேறு மருந்தாக மாற்றுவார்கள், அந்த மாதமே கருவை வைக்காமல் எல்லாவற்றையும் உறைய வைப்பார்கள். "இந்த மாசம் வைக்கலையா" என்று அழுதுவிட்டு வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். உண்மையில் அந்த டாக்டர் அவளைக் காப்பாற்றியிருக்கிறார்.

யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவு. ஊசி போடுகிற நாட்களில் மனசு சும்மாவே உப்புமா மாதிரி கிண்டப்பட்டுக் கிடக்கும். அந்த நேரத்தில் "என்னாச்சு, எத்தனை வந்துச்சு" என்று தினம் கேட்கிற போன்கள் தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் மாமியாரிடம் மட்டும் சொன்னோம். நாத்தனாரின் வளைகாப்பு அதே வாரத்தில் வந்தது, அத்தை அவராகவே "இவளுக்கு அம்மை போட்டிருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லி என்னைக் காப்பாற்றினார்.

ட்ரிகர்

இதுவரை சொன்னதில் ஏதாவது ஒன்று கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சமாளித்துவிடலாம். ட்ரிகர் ஊசியில் அது முடியாது. முட்டையைக் கடைசியாக முதிரவைத்துப் பையின் சுவரிலிருந்து கழன்றுகொள்ளச் செய்வது இந்த ஊசி. போட்டு 34 முதல் 36 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் முட்டை முதிர்ந்திருக்காது, சுவரிலிருந்து வராது. ரொம்பத் தாமதித்தால் பை தானாக வெடித்து முட்டை போய்விடும். அதனால்தான் "வியாழக்கிழமை ராத்திரி 10:15" என்று நிமிடக் கணக்கில் எழுதிக் கொடுப்பார்கள்.

முதல் தடவை அந்த ஊசியை நான் நாற்பது நிமிடம் தாமதமாகப் போட்டேன். பெட்டியில் இரண்டு சிறு குப்பிகள் இருந்தன, இரண்டையும் போட வேண்டுமா ஒன்றா என்று குழப்பம், இரவு நேர எண்ணை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் கிடைத்த டியூட்டி நர்ஸ், போட்ட நேரத்தைச் சரியாகச் சொல்லச் சொல்லி, என் முறையை வரிசையில் பின்னால் தள்ளி வைத்தார். அவ்வளவுதான், தீர்ந்தது. திட்டு வாங்குவோம் என்று பயந்து 10:15க்கே போட்டதாகப் பொய் சொல்லியிருந்தால்தான் சிக்கல். போட்ட நேரம் எதுவோ அதையே சொல்லுங்கள். முந்தின நாள் பகலிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள், எத்தனை குப்பி, எந்த இடத்தில், தோலுக்கடியிலா சதையிலா என்று கேட்டு எழுதுங்கள். இரவில் வேலை செய்கிற ஒரு போன் நம்பரைக் கேட்டு வாங்கி, அது எடுக்கப்படுகிறதா என்று ஒரு தடவை அடித்தும் பாருங்கள்.

இரண்டாம் தடவை சனிக்கிழமை காலை 9:15க்கு பிக்கப். அத்தை காலண்டரைப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போனார். சனிக்கிழமை 9 முதல் 10:30 வரை ராகு காலம். "ஒரு ஒன்னே கால் மணி நேரம் தள்ளிக்கச் சொல்லக் கூடாதாம்மா?" என்றார். தள்ளினால் 36 மணி நேரத்தைத் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வீட்ட விட்டு எமகண்டத்துக்கு முன்னாடி கெளம்பிருவோம்" என்றார். காலை 7 மணிக்கு எதற்கு எமகண்டம் என்று நான் கேட்கவில்லை. நல்ல நேரம் பார்க்கிற வீடு என்றால் வீட்டிலிருந்து கிளம்புகிற நேரத்தை அவர்கள் கையில் விட்டுவிடுங்கள். ஊசி நேரத்தை மட்டும் விடாதீர்கள்.

பிக்கப் அன்று

மயக்கம் கொடுப்பதால் வெறும் வயிறு. பொதுவாகச் சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் எப்போது வரை என்பதை உங்கள் மயக்க மருந்து டாக்டர் சொல்வார். காலையில் தைராய்டு, பிரஷர் மாத்திரை போடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஒரு வாய் காபி குடித்துவிட்டு மறைக்கக் கூடாது. மயக்கத்தில் வாந்தி மூச்சுக் குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

நெயில் பாலிஷும் மருதாணியும் வேண்டாம், விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கிளிப்புக்கு இடைஞ்சல். பவுடர், சென்ட், பூ எதுவும் வேண்டாம். கருவை வளர்க்கும் ஆய்வகம் பக்கத்து அறையிலேயே இருக்கும், வாசனைப் பொருளின் ஆவி அதற்கு ஆகாது என்பார்கள். மதுரையில் நின்றுகொண்டு மல்லிகைப்பூ வைக்காதே என்று சொல்கிற ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும், கணவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், டியோடரன்ட் அவர்தான் போட்டுக்கொண்டு வருவார். நகையெல்லாம் கழற்றச் சொல்வார்கள், தாலிக்கொடியும்தான். மனசு ஒப்பவில்லையென்றால் முந்தின நாளே மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு போங்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். பையில் நைட்டி, நாப்கின், ஃபைல், வீட்டுக்குத் திரும்ப ஒரு கார். மயக்கம் தெளிந்த உடம்போடு பைக்கில் பின்னால் உட்காராதீர்கள்.

கணவருக்கும் அன்று வேலை உண்டு. இரண்டு முதல் ஐந்து நாள் இடைவெளி விட்டு விந்து மாதிரி கொடுக்க வேண்டும். அந்தச் சின்ன அறையில், வெளியே பத்துப் பேர் நிற்க, சிலரால் முடியாமல் போகும். அது அவமானம் இல்லை, சாதாரணமாக நடப்பதுதான். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே ஒரு மாதிரி கொடுத்து உறைய வைத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். நிறைய மையங்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

உள்ளே போகும் முன் மூத்திரம் போய்விட்டு வரச் சொல்வார்கள். பெயர், கணவர் பெயர், பிறந்த தேதி என்று இரண்டு மூன்று பேர் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், எரிச்சல் படாதீர்கள், மாதிரிகள் மாறிப்போகாமல் இருக்கத்தான். கையில் ஊசி ஏறும், மேலே விளக்கைப் பார்ப்பீர்கள், அடுத்த காட்சி வேறு அறை. நடுவில் நடப்பது இதுதான்: உள்வழி ஸ்கேன் கருவியோடு ஒட்டிய மெல்லிய நீள ஊசியால் ஒவ்வொரு பையாகக் குத்தி நீரை உறிஞ்சுவார்கள், அந்த நீரை ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் பார்த்து முட்டையைத் தேடி எடுப்பார்கள். வயிற்றில் வெட்டு, தையல் எதுவும் இல்லை. பதினைந்து இருபது நிமிடம், பைகள் அதிகம் என்றால் இன்னும் கொஞ்சம். சில மணி நேரம் படுக்கவைத்து, மூத்திரம் போனீர்களா என்று பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

அதற்கு அப்புறம்

மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிறு இழுக்கும், ஒன்றிரண்டு நாள் சொட்டுச் சொட்டாகப் படும். சொன்ன வலி மாத்திரை மட்டும் போடுங்கள். ரசம் சாதம், மோர், படுக்கை. ஆனால் இந்தப் பட்டியலை ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள்: நாப்கின் நனைகிற அளவு ரத்தம், 100.4க்கு மேல் காய்ச்சல், மாத்திரைக்கு அடங்காத வலி, தலை சுற்றி மயக்கம், வயிறு நாளுக்கு நாள் உப்புவது, ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடுவது, மூத்திரம் குறைவது, நிற்காத வாந்தி, மூச்சு வாங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ராத்திரி ஆனாலும் கிளம்புங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் எடை பார்த்து எழுதுங்கள்.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து போன் வரும். இங்கேதான் பலர் உடைந்துபோகிறார்கள், ஏனென்றால் எண் ஒவ்வொரு படியிலும் குறையும். அது குறையத்தான் செய்யும். என் இரண்டாம் முறைக் கணக்கு: பதினான்கு பைகள், பதினோரு முட்டை, அதில் முதிர்ந்தது எட்டு, கருவானது ஆறு, ஐந்தாம் நாள் வரை வளர்ந்து நின்றது மூன்று. ஆய்வகத்தில் இருந்த பெண் இதை "நல்லா வந்திருக்கு" என்று சொன்னபோது எனக்குப் பதினான்கு மூன்றாகிவிட்டதே என்று தொண்டை அடைத்தது. பக்கத்துப் படுக்கைக்காரிக்கு இருபத்திரண்டு முட்டை என்று கேட்டு வயிறு எரியாதீர்கள், அவர் அடுத்த வாரம் ஓ.எச்.எஸ்.எஸ்.ஸோடு அட்மிட் ஆகியிருந்தார். நான்கு முட்டையில் குழந்தை பெற்றவளும் என் தோழிதான். அந்தப் போன் வரும் நேரத்தில் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்காதீர்கள், கையில் நோட்டோடு இருங்கள். முதிர்ந்தது எத்தனை, இக்ஸி செய்தார்களா, அடுத்த போன் எந்த நாள் என்று மூன்று கேள்வி போதும்.

ஆவலில் வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கிப் பார்க்கிறவர்களும் உண்டு. ட்ரிகர் எச்.சி.ஜி. ஊசியாக (அந்த அட்டை தேடுகிற கர்ப்ப ஹார்மோனே அதுதான்) இருந்தால் அந்த மருந்தே பத்து நாள் போல உடம்பில் இருந்து இரண்டு கோடு காட்டும். கருவையே இன்னும் வைக்காதபோது இரண்டு கோடு வந்து நான் சமையலறையில் சிரித்த கதை தனி.

எல்லாவற்றையும் உறைய வைத்திருந்தால், பிக்கப் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் மாதவிலக்கு வரும். வழக்கத்தைவிட அதிகமாக, கட்டியாகப் படலாம். அன்றைய தேதியை நோட்டில் "முதல் நாள்" என்று எழுதி மருத்துவமனைக்குப் போன் பண்ணுங்கள், கருவை உள்ளே வைக்கிற மாதத்துக்கு எப்போது வர வேண்டும் என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். ஜெல் பையைத் தூக்கிப் போடாதீர்கள், மறுபடி ஃப்ரீசரில் வையுங்கள்.